பர்மாவுக்கு அந்தப் பக்கம்

யோங் பெங்கிலிருந்து ஏழாவது மைல் கட்டையில் இருந்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. துரை சிங்கப்பூருக்கு ஓடிப்போனான். அவன் பங்களாவில் ஜப்பான்காரர்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மரங்களில் பால் பிடிக்கிற மங்குகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டது. லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் மரங்களுக்கு நடுவில் கொத்திக் கிளறி மரவள்ளி நட்டார்கள். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் கிழங்கு மாவு ரொட்டி, சாயங்காலம் கிழங்கு இலையைக் கடைந்து ஒரு கீரை. அரிசி வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டோரில் அளப்பார்கள். உப்பு அதுவும் இல்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மரியநாதன் வீட்டிலும் அதே கிழங்குதான். அவன் மனைவி கத்தரின் ஆணியால் பொத்தல் போட்ட தகரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு கிழங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மரியநாதன் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து பேசிப் பார்த்தான். தோட்டத்துச் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். அவன் பேசினால் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் நடந்து வருவார்கள். ஆனால் மேடைக்குப் போகுமுன் எந்தப் பேச்சையும் முதலில் கேட்பவள் கத்தரின். ஆறு வருஷமாக அதுதான் வழக்கம். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

"சயாம் இருக்கு. சயாமுக்கு அந்தப் பக்கம் பர்மா. பர்மாவுக்கு அந்தப் பக்கம்..." என்று நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பதிலுக்குக் காத்திருக்கிற நேரத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கி எண்ணினான்.

"வங்காளம்" என்றாள் கத்தரின்.

அவன் சிரித்துவிட்டான்.

"ஏன் சிரிக்கிறீங்க? வங்காளந்தானே?"

"வங்காளந்தான். பரீட்சையா இருந்தா உனக்கு முழு மார்க்கு. நீ ஜொகூர் பாருவுல பொறந்தவ, உங்கப்பா ஆஸ்பத்திரி வேலைக்காரரு. உனக்குத் தேசப்படம் தெரியும். லயத்துக்காரங்களுக்கு வேற தெரியும்."

"என்ன தெரியும்?"

"அதை நான் சொல்லக் கூடாது. அவங்க சொல்லணும். நான் சொன்னா, கிராணி சொல்றாருன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. அவங்க வாயால வந்தா அது அவங்களோடது. யாரும் மறுத்துப் பேச முடியாது." மேல்துண்டை உதறித் தோளில் போட்டான். "பேச்சி இருந்தா நான் மூணாவது விரல மடக்கறதுக்குள்ள சொல்லியிருப்பா."

கத்தரின் கையில் கிழங்கு வழுக்கி, விரல் மூட்டு தகரத்தில் உரசியது. மாவில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அந்த இடத்தை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மேலே தேய்த்தாள்.

பேச்சியம்மாள் கீழ் லயத்துக்காரி. பால் வெட்டும் செல்லப்பனின் மனைவி. நாலு வயதில் செல்லம் என்று ஒரு பெண் குழந்தை. பேச்சிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. சிரித்தால் காற்று விசிலடிக்கும். கூட்டத்தில் முதல் வரிசையில் குந்தியிருப்பாள். மரியநாதன் எங்கே நிறுத்தினாலும் அந்த இடத்தில் அவள் குரல் வந்து விழும். அவளுக்குப் பின்னாலே நூறு குரல் வரும். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. கோணியை வெட்டித் தைத்த ரவிக்கை, சேறு காய்ந்த கால். கத்தரினுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. தன் புருஷன் பாதியில் விட்டதை இன்னொருத்தி எடுத்து முடித்து வைக்கிறாளே, அதுதான் நெஞ்சில் கிடந்து எரிந்தது. ஆறு வருஷம் கேட்டும் தனக்கு வராதது அவளுக்கு எப்படி வருகிறது?

கூட்டம் அன்று சாயங்காலமே, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் நடந்தது. விஷயம் பெரியது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், அதற்கு ஆள் வேண்டும் என்று ஜப்பான் அதிகாரி சொல்லியிருந்தான். கீழ் லயத்தில் பன்னிரண்டு கதவு. கதவுக்கு ஒரு ஆண், பன்னிரண்டு பேர். தானாக வந்தால் நல்லது, வராவிட்டால் இழுத்துப் போவோம் என்றான். எப்படியும் போகத்தான் வேண்டும், அடிபடாமல் போகட்டுமே என்று மரியநாதன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மழை விட்டிருந்தது. ஈர மண்ணில் சனங்கள் சாக்கைப் போட்டு உட்கார்ந்தார்கள். மரியநாதன் வேலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஊருக்குப் போகிற கப்பல் நின்றுபோனதைப் பேசினான். ஊரிலிருந்து கடிதம் வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டான். எத்தனை பேருடைய அம்மா இருக்கிறாளோ இல்லையோ என்றான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"சயாமுக்கு அந்தப் பக்கம் பர்மா. பர்மாவுக்கு அந்தப் பக்கம்..."

"நம்ம ஊரு!" என்று பேச்சியின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஊரு! நம்ம ஊரு!" என்று களமே சொன்னது. கிழவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ரயில் பாதை நேராக அவரவர் வாசலுக்குப் போகிற மாதிரி இருந்தது. போட்ட பாதையில் போட்டவர்களை ஏற்றிப் போவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேட்ட எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. மேல் லயத்துக் கனகராஜ், கல்யாணமாகாத பையன், அவன் பெயர் கேட்கப்படவே இல்லை, "அலமாக், நானும் வரேன் லா! எங்க அப்பன் ஊர நான் பாக்கணும்" என்று கையைத் தூக்கினான். செல்லப்பனும் தூக்கினான்.

கத்தரின் கடைசியில் நின்று பார்த்தாள். மரியநாதன் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தான். செல்லப்பன் கைக்கு நேரே வந்தபோது பென்சில் எழுதவில்லை. அவனைத் தாண்டிப் போய்க் கனகராஜ் பெயரை எழுதியது.

மறுநாள் ஸ்டோர் கதவில் பட்டியல் தொங்கியது. கீழ் லயத்தில் பதினோரு பேர், மேல் லயத்தில் ஒருவன். பன்னிரண்டு.

அதற்குப் பிறகு கத்தரின் புருஷனைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு நாளில் எத்தனை தடவை பேச்சி பேரைச் சொல்கிறான் என்று எண்ணினாள். சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னால் எதற்கு என்று யோசித்தாள். அரிசி வாங்க ஆளை அனுப்பாமல் தானே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். கிராணியம்மா வரிசையில் நிற்பதைப் பார்த்துப் பெண்கள் முதலில் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டு நாளில் பழகிவிட்டது. அவர்கள் மாவு பிழியும் இடத்துக்கும் போனாள். தேய்த்த கிழங்கைத் துணியில் கட்டி முறுக்குவாள் ஒருத்தி. பால் மாதிரி தண்ணீர் வடியும். அடியில் உறைவதைப் பாயில் தட்டிக் காயவைப்பாள் இன்னொருத்தி. கை வேலை செய்யும், வாய் ஓயாது.

அவர்கள் பேச்சை அவள் காது கொடுத்துக் கேட்டாள். யாரும் எதையும் முழுதாகச் சொல்வதில்லை. "அவ வீட்டுல நேத்து நெத்திலி வாசம்" என்று ஒருத்தி சொன்னால், மற்றவர்கள் "ஓ" என்பார்கள். அந்த வீட்டுக்காரன் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரரிடம் எதைக் கொண்டுபோய் மாற்றினான், அது யாருடைய பொருள், எல்லாம் அந்த "ஓ"வில் வந்துவிடும். கனகராஜின் அக்காள் காளியம்மா அதில் கெட்டிக்காரி. "எங்க தம்பி பேரு எழுதுற அளவுக்குப் பென்சில் நீளமா இருந்துச்சு. கிட்டக்க இருந்தவன எழுதத்தான் கட்டையாப் போச்சு" என்பாள். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். கத்தரினும் இப்போது ஆட்டக் கற்றுக்கொண்டாள்.

ஆட்களை ஏற்றிப்போக லாரி வர மூன்று நாள் இருக்கும்போது அவள் ஆபீசுக்குச் சாப்பாடு எடுத்துப் போனாள். வாசலில் நின்றபோதே உள்ளே பேச்சு கேட்டது. பேச்சி மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மரியநாதன் அவள் முன்னால் குனிந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னான். பேச்சி இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கத்தரின் கனைத்தாள். பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேங்க கிராணியம்மா" என்று அவளை உரசாமல் ஒதுங்கி வெளியே போனாள்.

"என்னவாம் அவளுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அழுதா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல, விடு" என்றான். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

வெயிலில் வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது அவன் சொல்லாமல் விட்டதை அவளே நிரப்பிக்கொண்டாள். பட்டியலில் இல்லாத பெயர். தரையில் உட்கார்ந்த பெண். பிடித்த கை. இதற்கு மேல் யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆற்றுப்பாலம் வரும்போதே எல்லாம் அவளுக்கு முடிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போகிற ஆண்களுக்குக் கட்டிக்கொடுக்கச் சங்கத்தில் பெண்களைக் கூட்டினார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம் மாவு, வறுத்த கிழங்குச் சீவல், ஒரு சிட்டிகை உப்பு. உப்பைப் பங்கு பிரிக்கிற வேலை கத்தரினுக்கு. பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். பேச்சி செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரோடும் உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். அவள் வீட்டில் யாரும் போகவில்லை, இருந்தாலும் வந்திருந்தாள்.

உப்பெல்லாம் பிரித்து முடிந்ததும் கங்காணி சின்னத்தம்பி, "கிராணியம்மா ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லலாம்ல" என்றார்.

கத்தரின் அதுவரை நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. எழுந்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் கைகளைச் சேர்த்துக்கொண்டாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். நான் உங்க லயத்துல பொறந்தவளும் இல்ல. ஆனா நான் பொம்பள. கீழ் லயத்துல பன்னெண்டு கதவு. நாளைக்கு லாரி வந்தா பதினோரு கதவுல நின்னு பொம்பளைங்க அழுவாங்க."

நிறுத்தினாள். ஒரு விரல். இரண்டு.

"நான் யாரையும் ஒண்ணும் கேக்கல. புருஷனக் காப்பாத்த யாருக்குத்தான் ஆசை இல்ல? அவங்கவங்ககிட்ட இருக்கறதைத்தான் குடுத்துக் காப்பாத்த முடியும். நம்மகிட்ட என்ன இருக்கு, கிழங்கையும் உப்பையும் தவிர..."

மூன்றாவது விரலை மடக்கவில்லை. அதற்குள் காளியம்மா, "அதான பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை. பொட்டலம் கட்டிய கைகள் நின்றன. ஒவ்வொரு தலையாகப் பேச்சி பக்கம் திரும்பியது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். பேச்சி வாயைத் திறந்தாள். எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் மூடினாள். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

காளியம்மா கத்தரினுக்குப் பக்கத்தில் வந்து முதுகைத் தடவினாள். "ஐயோ பாவம், எங்க வயித்தெரிச்சலவிட ஒங்க வயித்தெரிச்சல்தான் பெருசு கிராணியம்மா. இத்தன நாளா உள்ளயே வச்சுக்கிட்டு." இன்னொருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தன் புருஷன் பேரும் இதில் நாறுகிறதே என்று கத்தரினுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அந்தக் கைகள் முதுகில் இருந்தது சுகமாக இருந்தது. முதல் தடவையாக அவள் விட்ட இடத்தை மற்றவர்கள் எடுத்து முடித்திருந்தார்கள். அதை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள்.

பொழுது சாயும்போது மரியநாதன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றான்.

"என்ன பேசுன?"

"ஒண்ணும் பேசல. யாரு பேரையும் சொல்லல."

"தெரியும். நீ சொல்லியிருக்க மாட்ட." அவன் குரலில் கோபத்தைக் காணோம். "செல்லப்பன் இப்ப கங்காணி வீட்டுக்குப் போயி பேரு குடுத்துட்டு வந்துட்டான். என் பொண்டாட்டியப் பாத்து எவனும் விரல் நீட்டிப் பேச வேணாம், நான் போறேன்னானாம். அப்ப கனகராஜ எடுத்துடுங்கன்னு காளியம்மா போயி அழுதிருக்கா. ஒரு ஆள் கூட வந்தா ஜப்பான்காரன் வேணாம்னா சொல்லுவான்னு கங்காணி திருப்பி அனுப்பிட்டாரு. பதிமூணு பேரு."

"போகட்டுமே. மத்தவங்க போகலியா?"

"அவனுக்கு நெஞ்சுல ரத்தம் வருது, கத்தரின்."

அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"மூணு மாசமா வருது. இருமுனா துணியில செவப்பு, கூட்டத்துக்கு முன்னயே நான் பாத்துட்டேன். லயத்துல தெரிஞ்சா குடும்பத்தோட வெளிய தள்ளிடுவாங்க, கொழந்தைய யாரும் கிட்ட சேக்க மாட்டாங்க. அதிகாரிக்கு அதெல்லாம் கணக்கில்ல, நடக்குற ஆளு எல்லாம் ஆளுதான். அதனாலதான் கனகராஜ எழுதுனேன். அன்னைக்குக் கூட்டத்துல ஊரு நெனப்புல செல்லப்பனும் கையத் தூக்கிட்டான். இனிமேலும் அவரு பேரச் சேத்துடாதீங்கய்யா, யாருக்கும் சொல்லிடாதீங்கய்யான்னு கெஞ்சத்தான் அவ ஆபீசுக்கு வந்தா. மாதா மேல சத்தியம் வாங்கிட்டா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சத்தியம்னு சொல்றேனே."

"நான் ஒங்க பொண்டாட்டி."

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. அந்த எடத்துல நான் என்னத்த வச்சுக்கறது?" கத்தரின் அழத் தொடங்கினாள். "எல்லாத்துக்கும் பேச்சி, பேச்சி. பேச்சி இருந்தா சொல்லியிருப்பா. அப்ப நான் யாரு? ஆறு வருஷம் இந்த அடுப்படியில நின்னு கேட்டவ யாரு?"

மரியநாதன் சுவரில் சாய்ந்தபடியே தரைக்கு இறங்கி உட்கார்ந்தான். "பாதியில நிறுத்த நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றான்.

விடிந்ததும் லாரி வந்துவிட்டது. பெரட்டுக்களத்தில் பனி மூட்டம். ஆண்கள் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பெண்கள் ஒரு பக்கம். பேச்சி அந்தக் கும்பலில் சேராமல் தனியாக ஸ்டோர் சுவர் ஓரமாக நின்றாள். அதிகாரி கையில் தாளை வைத்துக்கொண்டு எண்ணினான்.

கத்தரின் ஓட்டமும் நடையுமாக வந்தாள். தலை கட்டவில்லை. அழுது அழுது கண்ணும் கன்னமும் வீங்கியிருந்தன. பெண்கள் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"நேத்து நான் பேசுனது தப்பு. பேச்சி மேல ஒரு குத்தமும் இல்ல. அவ ஆபீசுல அழுததப் பாத்து நானா நெனச்சுக்கிட்டேன். எனக்குப் பொறாம. என் வீட்டுக்காரரும் ஒண்ணும் பண்ணல. செல்லப்பனுக்கு நோவு. நெஞ்சுல நோவு. அதுக்காகத்தான் பேரு எழுதல. அவர விட்டுடச் சொல்லுங்க, யாராவது சொல்லுங்க!"

எதையும் விடாமல் சொல்லிவிட்டாள். கையைப் பின்னால் கட்டவில்லை, எங்கேயும் நிறுத்தவில்லை. பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"வீட்டுல நல்லா அடி வாங்கியிருக்கு" என்றாள் ஒருத்தி மெதுவாக.

"மூஞ்சியப் பாத்தாத் தெரியல?" என்றாள் காளியம்மா. தம்பியை ஏற்றி அனுப்ப வந்தவள், கண் சிவந்து நின்றாள். "கிராணி சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்காரு. இல்லாட்டி எந்தப் பொம்பள நாலு பேரு முன்னால எனக்குப் பொறாமன்னு சொல்லுவா? நீங்க போங்கம்மா. எங்களுக்குப் புரியுது."

"அடிக்கல! அவரு என்ன அடிக்கவே இல்ல!"

"ஆமாம்மா, அடிக்கல" என்று காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினாள்.

கத்தரின் ஆண்கள் வரிசைக்கு ஓடினாள். செல்லப்பன் ஒல்லியாக, உயரமாக, காதோரம் நரை விழுந்து நின்றான். அவள் சொன்னதெல்லாம் அவனுக்கும் கேட்டிருந்தது.

"செல்லப்பா, நீயாவது சொல்லு. ரத்தம் வர்றத அந்த அதிகாரிகிட்ட காட்டு."

அவன் அவளைப் பார்க்காமல் களத்தைப் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்குப் பக்கத்தில் வழிச் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டைக் கிழங்கு கிடந்தது. அதிகாரி இரண்டு பேரைத் தூக்கச் சொல்லியிருந்தான். செல்லப்பன் போய்க் குனிந்து அந்த மூட்டையை ஒற்றையாளாகத் தோளில் ஏற்றினான். கழுத்து நரம்பு புடைத்தது. லாரி மேல் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

"எனக்கு ஒரு நோவும் இல்லங்க கிராணியம்மா" என்றான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. இருமல் வந்ததை உதட்டைக் கடித்து விழுங்கினான். அப்புறம் ஏறி உள்ளே போய் உட்கார்ந்தான். சுவரோரம் நின்ற பேச்சியை ஒரு தடவை பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். சரி என்றா, வேண்டாம் என்றா, கத்தரினுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஏறின கனகராஜ், ஒரு காலை லாரியில் வைத்துக்கொண்டு மரியநாதனிடம் கேட்டான்: "ஐயா, வேல முடிஞ்சதும் அந்த ரயில்லயே ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்கல்ல? நீங்க சொன்னீங்களே."

மரியநாதன் வாயைத் திறந்தான். அதிகாரி இரண்டடி தள்ளி நின்றான். பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஏறு தம்பி" என்றான் மரியநாதன்.

லாரி செம்மண் பாதையில் ஆடி ஆடிப் போயிற்று. சங்கத்தில் அடுத்த மாசம் பேசச் சொன்னபோது மரியநாதன் தொண்டை சரியில்லை என்றான். அதற்கடுத்த மாசமும் அதையே சொன்னான். வீட்டில் அவனும் கத்தரினும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். கிழங்கு இருக்கு. தண்ணி வேணும். மழை வரும் போல. பாதியில் நிற்கிற பேச்சு எதுவும் அந்த வீட்டில் இல்லை.

லயத்துப் பெண்கள் கத்தரினை வரிசையில் முன்னால் விட்டார்கள். அவள் முகத்தில் எப்போது நிழல் விழுந்தாலும் கிராணியைக் குறை சொன்னார்கள். அவள் எத்தனை தடவை மறுத்துப் பார்த்தும் அது அவள் நல்ல குணத்தில் போய்ச் சேர்ந்தது. பேச்சியோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் தன் பாத்தியைக் கொத்தினாள், தன் கிழங்கைத் தேய்த்தாள், வரிசையில் கடைசியில் நின்றாள்.

தை மாசம் முடிந்து வெயில் ஏறியபோது கனகராஜ் திரும்பி வந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே புண்ணழுகி எலும்பு தெரிந்தது. பயனில்லாத ஆளென்று நாலைந்து பேரை ரயிலில் ஏற்றித் தள்ளிவிட்டார்களாம். மூங்கில் காட்டில் மழையோடு மழையாகக் கல் சுமந்ததைச் சொன்னான். கீழ் லயத்துச் செல்லப்பன் இரண்டாவது மாசமே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தான், நான்தான் குழி வெட்டினேன் என்று சொன்னான். பேச்சி அழுத சத்தம் கேட்டு ஒருத்தியும் அவள் கதவுக்குப் போகவில்லை. கத்தரின் போனாள். கதவு திறக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், கத்தரின் வீட்டுக்குப் பின்னால் பாயில் மாவைத் தட்டிக்கொண்டிருந்தபோது பேச்சி வந்து நின்றாள். கையில் வெறும் கூடை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உள்ள வா பேச்சி."

"வேணாங்க. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அன்னைக்குக் கூட்டத்துல பாதியில விட்டீங்கல்ல, அத இப்ப சொல்லுங்க."

"நான் மறுநாளே எல்லார் முன்னாலயும் சொன்னேனே, ஒம்மேல குத்தமில்லன்னு..."

"அது அவங்களுக்குச் சொன்னது. நான் கேக்கறது வேற. அன்னைக்கு நீங்க சொல்லாம விட்டத என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"எதுக்கு பேச்சி இப்ப? அவரே போயிட்டாரு."

"சொல்லுங்கம்மா."

கத்தரின் மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பேச்சி கூடையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"நீ... என் வீட்டுக்காரரோட... அதனாலதான் ஒன் புருஷன் பேர எழுதலன்னு நான் நெனச்சேன்."

"நெனச்சேன்னு வேணாம். நெனச்சத மட்டும் சொல்லுங்க."

கத்தரின் அவள் கண்ணைப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் சொல்வது எவ்வளவு சுலபமாக வந்தது.

"நீ என் புருஷனோட படுத்து, ஒன் புருஷன் பேர எடுக்க வச்ச."

"இல்ல" என்றாள் பேச்சி.

கிழங்குத் தோலைக் கிளறிக்கொண்டிருந்த கோழி ஒன்று பாய் மேல் ஏறியது. இரண்டு பேரும் அதை விரட்டவில்லை.

"இவ்வளவுதாங்க கிராணியம்மா. அன்னைக்கு நீங்க இதச் சொல்லியிருந்தா அன்னைக்கே நான் இல்லன்னு சொல்லியிருப்பேன். எல்லாரும் கேட்டிருப்பாங்க. அவரும் கேட்டிருப்பாரு."

கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு பேச்சி கீழ் லயத்துப் பாதையில் இறங்கிப் போனாள்.